எத்தனை தாள், எவ்வளவு மை: தோட்டத்துக்கு அச்சு வந்த கதை

75, 100, 150. இந்த மூன்று எண்களையும் ஒரு தாளில் அச்சடித்து, பதுளைப் பக்கத் தோட்டங்களில் லயத்துக்கு ஒன்றாக ஒட்டுவது என்று எங்கள் குழுவில் முடிவெடுத்தோம். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாக இருக்க வேண்டும். 100ஐத் தாண்டினால் வெளியேறத் தயாராக வேண்டும். 150ஐத் தாண்டினாலோ, ஒரே மணித்தியாலத்தில் 75 கொட்டினாலோ, பாயைச் சுருட்டக்கூட நிற்காமல் கிளம்ப வேண்டும். மண்சரிவு பற்றி தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சொல்லும் அளவுகள் இவை.

ஏன் இந்த வேலை என்று பதுளை மாவட்டத்தில் யாரும் கேட்க மாட்டார்கள். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தைக்குப் பக்கத்தில் மீரியபெத்த தோட்டத்து லயங்கள் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது. சனம் மட்டும் அதே லயத்தில்தான் இருந்தது. எச்சரிக்கை அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தால் மட்டும் போதாது, காம்பரா வாசல் வரைக்கும் வர வேண்டும் என்பதை அந்தக் காலைப்பொழுது எங்களுக்குச் சொல்லித் தந்தது.

சரி, அச்சடிப்போம். எதில்?

சண்டை அங்கேதான் தொடங்கியது. "பெட்டியில பச்சை இலை போட்ட பிரிண்டர் ஒன்னு பார்த்தேன். சூழலுக்கு நல்லதுன்னு எழுதியிருக்கு. அதையே வாங்குவோம்" என்றார் ஒருவர். "பேப்பரே அடிக்காம வட்ஸ்அப்ல போட்டா அதுதானே பச்சை?" என்றார் இன்னொருவர். "மழை கொட்டுற ராத்திரியில கரண்டும் இருக்காது, சிக்னலும் இருக்காது. அப்ப எதுல பார்ப்பீங்க?" என்று மூன்றாமவர் கேட்டதும் வட்ஸ்அப் கட்சி கலைந்தது. பச்சை இலைக் கட்சி கலையவில்லை. எது உண்மையில் சூழலுக்கு நல்ல அச்சு என்று தேடப் போய், மலையகத்துக்கு அச்சு வந்த வழியையே திரும்பிப் பார்க்க வேண்டியதாயிற்று. அப்படிப் பார்த்ததில் கிடைத்ததைத்தான் இங்கே எழுதுகிறோம்.

கழுத்தில் தொங்கிய முதல் எழுத்து

இலங்கையில் ஒல்லாந்தர் கொழும்பில் அச்சுக்கூடம் வைத்தது 1730களில். யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷனின் 'உதயதாரகை' 1841இல் வந்தது. ஆறுமுக நாவலர் 1849இல் வண்ணார்பண்ணையில் தன் அச்சுக்கூடத்தைத் தொடங்கினார். இதே காலத்தில்தான் எங்கள் முப்பாட்டன்மார் தலைமன்னாரிலிருந்து காட்டு வழியே நடந்து கோப்பித் தோட்டங்களுக்கு வந்துகொண்டிருந்தார்கள். வடக்கில் அச்சு பெருகியபோது, மலையில் அது கிட்டத்தட்ட இல்லவே இல்லை. தோட்டங்களைப் பற்றிய ஆரம்பகால நூல் என்று சொல்லப்படும் ஆபிரகாம் ஜோசப்பின் 'கோப்பிக் கிருஷிக் கும்மி'கூட 1869இல் யாழ்ப்பாணத்தில்தான் அச்சானது. கோப்பி இங்கே, அச்சு அங்கே.

தோட்டத்து ஆள் ஒருவர் கையில் வாங்கிய முதல் அச்சு எது? புத்தகம் இல்லை. 1900களின் தொடக்கத்தில் கொண்டுவரப்பட்ட தகர டிக்கட் முறையை நினைத்துப் பாருங்கள். எந்தத் தோட்டம், எத்தனையாவது ஆள் என்ற குறி குத்திய ஒரு சிறு தகரத்தைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுத்தான் கரையிலிருந்து ஆட்களை அனுப்பினார்கள். வழிச்செலவு எந்தத் தோட்டத்தின் கணக்கில் ஏற வேண்டும் என்பதை அந்தத் தகரம் சொல்லும். வந்து சேர்ந்த பிறகு 'துண்டு' இருந்தது. இவ்வளவு கடனைக் கட்டினால் ஆளை விடுவிப்போம் என்று எழுதிய அந்தத் தாள் கிடைக்காமல் இன்னொரு தோட்டத்துக்குப் போக முடியாது. 1921இல் சட்டம் போட்டுத்தான் அந்த முறையை ஒழித்தார்கள்.

ஆக, எழுத்து என்பது எங்களைப் பற்றி மற்றவர்கள் எழுதி வைத்த ஒன்றாகத்தான் முதலில் வந்தது. நாங்கள் எழுதி, நாங்கள் அச்சடித்து, நாங்கள் வாசிப்பது என்பது அதற்குப் பிறகு போராடிப் பெற்றது. தாளை மிச்சப்படுத்து என்று யாராவது சொன்னால் நாங்கள் கொஞ்சம் யோசிப்பதற்கு இதுதான் காரணம். எங்கள் சனத்துக்கு அதிகமாக அச்சடித்துக் கொடுத்ததாக வரலாறே இல்லை.

ஒரு பிரதி, ஒரு லயம்

1924ஆம் வருசம் இரண்டு காரியங்கள் நடந்தன. ரயில் பாதை பதுளை வரைக்கும் வந்து சேர்ந்தது. கொழும்பில் கோ. நடேசய்யர் 'தேசபக்தன்' பத்திரிகையைத் தொடங்கினார். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத காரியங்கள்தான். ஆனால் கொழும்பில் அச்சான தாள் தெமோதரை வளையத்தைச் சுற்றிக்கொண்டு பதுளைக்கு வந்து இறங்க வழி திறந்ததும், தோட்டத்து ஆட்களுக்காகப் பேசும் தாள் பிறந்ததும் ஒரே வருசத்தில் நடந்திருக்கின்றன.

அன்றைய அச்சு ஈய எழுத்து. ஒவ்வோர் எழுத்தாகக் கையால் பொறுக்கிக் கோத்து, மை தடவி அழுத்துவார்கள். வேலை முடிந்ததும் எழுத்துகளைப் பிரித்து மறுபடி பெட்டியில் போடுவார்கள். தேய்ந்துபோனவற்றை உருக்கிப் புதிதாக வார்ப்பார்கள். ஈயம், வெள்ளீயம், அந்திமனி மூன்றும் கலந்த அந்த உலோகத்தில் எறிய எதுவும் இல்லை. இன்றைய பாஷையில் சொன்னால் முழு மீள்சுழற்சி. ஆனால் அதற்கான விலையைக் கொடுத்தது அச்சுக்கோப்பாளரின் உடம்பு. நாள் முழுக்க ஈயத்தைத் தொட்டு, உருக்கும் இடத்தின் புகையைச் சுவாசித்து, ஈய நஞ்சால் நோய்ப்பட்டவர்கள் உலகமெங்கும் இருந்தார்கள். குப்பை மேட்டில் ஒன்றும் சேரவில்லை என்பதற்காக ஒரு தொழில் சுத்தமானது ஆகிவிடாது. குப்பை சில சமயம் தொழிலாளியின் இரத்தத்தில் சேர்கிறது.

அந்தக் காலத்து அச்சில் நாங்கள் பெரிதாக நினைப்பது வேறொன்றை. நடேசய்யரோடு சேர்ந்து வேலை செய்த மீனாட்சி அம்மாள், பாட்டுகளைச் சிறு பிரசுரமாக அச்சடித்து, கூட்டங்களில் தானே பாடினார். 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' 1940இல் வந்தது. வாசிக்கத் தெரிந்தவர்கள் லயத்துக்கு ஒருவர் இருவர்தான். அதனால் தாளில் இருந்தது வாய்க்கு மாறி, வாயிலிருந்து காதுக்குப் போனது. ஒரு பிரதி வந்தால் ஒரு லயமே கேட்கும். வறுமையால் வந்த வழக்கம்தான், அதைப் புனிதமாக்கத் தேவையில்லை. ஆனாலும் ஒரு தாள் எத்தனை பேருக்குப் போய்ச் சேருகிறது என்ற கணக்கு அந்த வழக்கத்துக்குள் இருக்கிறது. இன்றைய பிரிண்டர் விளம்பரம் எதிலும் அந்தக் கணக்கு இல்லை. நிமிசத்துக்கு எத்தனை பக்கம் என்றுதான் போடுகிறார்கள்.

அதே 1940இல் ஊவாத் தோட்டங்கள் கொந்தளித்தன. பதுளைப் பக்கத்து வேவெஸ்ஸ தோட்டத்து வேலைநிறுத்தம் அதில் பெயர்பெற்றது. ஜூன் மாதம் சமசமாஜக் கட்சித் தலைவர்களைக் கைது செய்த அரசு, கட்சியின் அச்சகத்தையும் சோதனை போட்டுச் சீல் வைத்தது. அச்சு ஒரே கட்டடத்துக்குள், ஒரே பெரிய இயந்திரத்தில் இருந்தால் ஒரு பூட்டு போதும் அதை நிறுத்த. சின்னதாக, கைக்கு அடக்கமாக, நாமே திருத்தக்கூடியதாக ஒரு இயந்திரம் இருப்பதன் அருமை இங்கே விளங்குகிறது.

பெட்டியில் இருந்த துளை

அந்தச் சின்ன இயந்திரத்தின் தத்துவம் தோட்டத்துக்குள்ளேயே எப்போதும் இருந்தது. பெருசுகள் 'ஸ்டோரு' என்று சொல்லும் தேயிலை பெக்டரிக்குள் போய்ப் பாருங்கள். அந்தக் காலத்துப் பலகைப் பெட்டியின்மேல் தோட்டத்தின் பெயர், ரகம், நிறை எல்லாம் எப்படி ஏறின? எழுத்து வெட்டிய ஒரு தகட்டைப் பெட்டிமேல் வைத்து, தூரிகையால் மை தடவினார்கள். துளை இருக்கும் இடத்தில் மட்டும் மை இறங்கும். ஸ்டென்சில் என்பது அவ்வளவுதான். அப்புத்தளையில் ஏற்றிய பெட்டி லண்டனில் இறங்கும்போதும் அந்த எழுத்து அழிந்திருக்காது.

இதே துளைத் தத்துவத்தை மெழுகுத் தாளுக்குக் கொண்டுவந்தவர்களில் ஒருவர் டேவிட் கெஸ்டட்னர். 1880களில் அவர் செய்த சைக்ளோஸ்டைல் பேனா மெழுகுத் தாளில் சின்னச் சின்னத் துளைகளைப் போடும். அந்தத் தாளைச் சட்டத்தில் மாட்டி மை உருட்டினால் கீழே இருக்கும் தாளில் எழுத்து விழும். பிறகு கையால் சுற்றும் உருளை இயந்திரம் வந்தது. நம்ம ஊரில் ரோனியோ என்றார்கள். தொழிற்சங்கச் சுற்றறிக்கையும், பள்ளிக்கூடத்துத் தவணைப் பரீட்சைத் தாளும், பெடியள் நடத்திய சிறுபத்திரிகையும் அதில்தான் வந்தன. கரண்ட் தேவையில்லை. சூடு தேவையில்லை. கைப்பிடியைச் சுற்ற ஒரு கை, தாளை எடுத்து அடுக்க ஒரு கை. குறையும் இருந்தது. எழுத்துப் பிழையைத் திருத்தும் திரவம் மூக்கைத் துளைக்கும். மை கையிலும் சட்டையிலும் ஒட்டும். மெழுகுத் தாள் ஒரு முறைக்கு மேல் அநேகமாக உதவாது.

வைக்கோலும் வளவை கங்கையும்

இயந்திரத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் தாளை மறந்துவிடுவோம். ஒரு பிரிண்டர் தன் ஆயுளில் சூழலுக்குத் தரும் சுமையில் பெரும் பங்கு அதற்குள் போய் வரும் தாளுடையது.

இலங்கை தன் தாளைத் தானே செய்ய முயன்ற காலம் ஒன்று உண்டு. 1950களின் நடுவில் வாழைச்சேனையில் அரசு கடதாசி ஆலை வந்தது. 1970களின் கடைசியில் எம்பிலிப்பிட்டியவில் இன்னொன்று. மரத்தை வெட்டாமல் வைக்கோலிலிருந்து தாள் செய்தார்கள். வாழைச்சேனையில் இலுக் புல்லையும் பயன்படுத்தினார்கள். கேட்கவே நன்றாக இருக்கிறது. வயலில் மிஞ்சியது கொப்பியாக மாறுகிறது.

ஆனால் வைக்கோலில் ஒரு சிக்கல். அதில் சிலிக்கா அதிகம். தாள்கூழ் காய்ச்சும்போது மிஞ்சும் கருங்கழிவு நீரை மர ஆலைகளில் செறிவாக்கி எரித்து, இரசாயனங்களை மீட்டெடுப்பார்கள். சிலிக்கா கலந்தால் அந்த மீட்பு கடினமாகிவிடும். மீட்காத கருநீர் எங்கே போகும்? எம்பிலிப்பிட்டிய ஆலையின் கழிவு வளவை கங்கையில் கலக்கிறது என்ற முறைப்பாடு நீண்ட காலம் இருந்தது. கீழே குளிப்பவருக்கும் வயல் பாய்ச்சுபவருக்கும் 'மரம் வெட்டாத தாள்' என்ற பெயர் ஆறுதல் தராது.

பிறகு இரண்டு ஆலைகளும் நொடித்தன. நாடு இறக்குமதித் தாளையே நம்பியது. அதன் முடிவை 2022 மார்ச்சில் பார்த்தோம். டொலர் இல்லாததால் தாள் இல்லை, தாள் இல்லாததால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகள் ஒத்திவைக்கப்பட்டன. 'தி ஐலண்ட்', 'திவயின' பத்திரிகைகள் அச்சுப் பதிப்பை இடைநிறுத்தின. அந்த மாத முடிவில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலத்தைத் தொட்டது. தாளையும் மின்சாரத்தையும் குறைவாகத் தின்னும் அச்சு என்பது அந்த மாதத்தில் பணக்கார நாட்டுப் பேச்சாக இல்லை. அடிக்க முடியுமா முடியாதா என்ற கேள்வியாகவே இருந்தது.

பச்சை இலைக்குப் பின்னால்

இந்தக் கதைகளையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு இயந்திரங்களைப் பார்த்தோம்.

லேசர் பிரிண்டரின் டோனர் என்பது நிறம் சேர்த்த பிளாஸ்டிக் தூள். அதைச் சுமார் 200 பாகை செல்சியஸ் சூட்டில் உருக்கித்தான் தாளில் ஒட்டவைக்கிறது. அச்சடிக்கும் நேரத்தில் சில நூறு வாட் இழுக்கும். அதனால்தான் சின்ன யூபிஎஸ்ஸில் போட்டால் அது 'கீ' என்று கத்துகிறது. ஆனால் அதன் எழுத்து தண்ணீர் பட்டாலும் ஓடாது, பல மாதம் சும்மா வைத்திருந்தாலும் அடைக்காது.

மை தெளிக்கும் பிரிண்டருக்கு அந்தச் சூடு தேவையில்லை. பத்து இருபது வாட்டில் வேலை முடியும். அதன் பெரிய நோய் கார்ட்ரிட்ஜ். கொஞ்சம் மையை விலை கூட்டி விற்று, முடிந்ததும் முழுப் பெட்டியையும் எறியச் சொல்கிறார்கள். மறுபடி நிரப்பினால் வேலை செய்யாதபடி சில்லு வைத்த கம்பனிகளும் உண்டு. அமெரிக்காவில் லெக்ஸ்மார்க் கம்பனி, தன் டோனர் கார்ட்ரிட்ஜை மறுபடி நிரப்பி விற்றவர்களைக் காப்புரிமைச் சட்டத்தைக் காட்டி நீதிமன்றத்துக்கு இழுத்தது. ஒரு பொருளை விற்ற பிறகு காப்புரிமையைச் சொல்லி வாங்கியவரைக் கட்டுப்படுத்த முடியாது என்று 2017இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்த்தது. பதுளை டவுனில் சிரிஞ்சால் மை நிரப்பிக் கொடுக்கும் கடைக்காரர் அந்தத் தீர்ப்பைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார். ஆனால் அவர் செய்வதுதான் அந்த நீதி.

2010க்குப் பிறகு மைத்தொட்டி வைத்த பிரிண்டர்கள் பரவின. போத்தலை ஊற்றினால் ஆயிரக்கணக்கான பக்கம் போகும். எறிய கார்ட்ரிட்ஜ் இல்லை. வாங்கும்போது விலை கூட, அடிக்க அடிக்க விலை குறைவு. ஆனால் அடிக்கடி அடிக்காவிட்டால் முனை அடைத்துக்கொள்ளும். அடைப்பைச் சுத்தம் செய்யவே மை வீணாகும். ஆளுக்கொன்று வாங்கி மூலையில் வைப்பதைவிட நாலு பேருக்கு ஒன்று வைத்து ஓயாமல் ஓட்டுவதுதான் அதற்கு நல்லது.

இன்னொன்றையும் கண்டோம். ஜப்பானின் ரிசோ கம்பனி 1980களில் கொண்டுவந்த டிஜிட்டல் டூப்ளிகேட்டர். உள்ளே போய்ப் பார்த்தால் நம்ம ரோனியோவின் பேரப்பிள்ளை. ஒரு மெல்லிய படலத்தில் துளை போட்டு, உருளையில் சுற்றி, மையைத் துளை வழியே தாளுக்கு அனுப்புகிறது. தாளுக்குச் சூடு இல்லை. அரிசித் தவிட்டு எண்ணெய் சேர்ந்த மையும் அதற்கு உண்டு. ஒரே தாளை நூற்றுக்கணக்கில் அடிக்கும்போது இதற்குச் செலவும் மின்சாரமும் குறைவு. பத்துப் பிரதிக்கு என்றால் படலம்தான் வீண். பரீட்சைத் தாள் அடிக்கும் இடங்களில் இன்றும் இது ஓடுகிறது. பலர் இன்னும் ரோனியோ என்றே சொல்கிறார்கள். பெயர் தவறில்லை.

நாங்கள் எடுத்த முடிவு

எங்கள் தாளுக்கு ஒரு விசேசம் இருந்தது. மழையை யார் அளப்பது? பக்கம் நேராக நிற்கும் ஒரு தகர டின்னை வெளியில் வைத்தால், அதில் நிற்கும் தண்ணீரின் உயரம்தான் மழையின் அளவு. ஏழரை சென்ரிமீற்றர் நின்றால் 75 மில்லிமீற்றர். ஆகவே தாளின் ஓரத்தில் 15 சென்ரிமீற்றர் அளவுகோல் ஒன்றைச் சரியான நீளத்தில் அச்சடித்து, மூன்று கோடு போட்டோம். டின்னுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தால் போதும். அளவு கொஞ்சம் சுருங்கினாலும் பிழை, மை கரைந்தாலும் பிழை. ஊவா மழையில் நிற்க வேண்டிய தாள் இது.

அங்கேதான் பச்சை இலைக் கட்சிக்குப் பதில் கிடைத்தது. மின்சாரம் குறைந்த பிரிண்டரில் சாய மை போட்டு அடித்து, அது முதல் மழையிலேயே கரைந்து, மறுபடி அடித்தால் மிச்சம் எங்கே? தண்ணீரில் கரையாத நிறமி மை போட்ட மைத்தொட்டி பிரிண்டரில் மாதிரி பத்துப் பிரதி அடித்து, டின்னோடு வைத்துச் சரிபார்த்தோம். பிறகு மொத்தப் பிரதிகளை டூப்ளிகேட்டரில் அடித்தோம். அதன் எண்ணெய் மை விரலில் கொஞ்சம் ஒட்டும், தண்ணீரில் ஓடாது. ஒரே நிறம். காம்பராவுக்கு ஒன்று என்று முதலில் போட்ட கணக்கை லயத்துக்கு ஒன்று, பிள்ளைக் காம்பராவுக்கு ஒன்று, பெரட்டுக் களத்துக்கு ஒன்று என்று குறைத்தோம். புதிய இயந்திரம் எதையும் வாங்கவில்லை. மாதிரி அடித்தது இரவல் பிரிண்டரில்.

இதனால் என்ன நன்மை? கையில் இருந்த காசுக்கு இன்னும் இரண்டு தோட்டத்துக்குச் சேர்த்து அடிக்க முடிந்தது. காலி கார்ட்ரிட்ஜ் ஒன்றும் எங்கள் கானில் விழவில்லை. கரண்ட் போய்ப் போய் வந்த நாளிலும் வேலை முடிந்தது. இயந்திரம் மக்கர் பண்ணியபோது திருத்த டவுனில் ஆள் இருந்தார். சூழலுக்கு நல்லது என்று தனியாக ஒன்றும், எங்களுக்கு நல்லது என்று தனியாக ஒன்றும் இருக்கவில்லை.

பிரிண்டர் வாங்கப்போகும் தம்பி தங்கச்சிமாருக்கு எங்களால் சொல்ல முடிந்தது இதுதான். பெட்டியில் இருக்கும் இலையைப் பார்ப்பதற்கு முன் நாலு கேள்வி கேளுங்கள். மையை நாமே நிரப்பலாமா? பழுதானால் பதுளையிலோ பண்டாரவளையிலோ திருத்த ஆள் இருக்கா? இரண்டு பக்கமும் அடிக்குமா? நாம் வாங்கத்தான் வேண்டுமா, பக்கத்தில் இருப்பதைப் பகிர முடியாதா? பழையதை எறியும்போது கானிலோ குப்பை மேட்டிலோ போடாதீர்கள். மின்னணுக் கழிவு எடுக்க உரிமம் பெற்றவர்கள் நாட்டில் இருக்கிறார்கள், விசாரித்துக் கொடுங்கள்.

தாள் ஒட்டப் போன தோட்டம் ஒன்றில், வாசிக்கத் தெரியாத ஓர் அம்மாயி தாளைத் தடவிப் பார்த்துவிட்டு, "என்னா எழுதியிருக்கு, சத்தமா படிங்க" என்றார். படித்தோம். லயத்து வாசலில் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். டின்னை எங்கே வைப்பது என்று கேட்டார்கள். கோயில் முற்றத்தில் கூரை மறைக்காத இடமாகப் பார்த்து வைத்துவிட்டு வந்தோம்.